எதற்காகக் கூப்பிட்டால் அப்பாக்கள் வருவார்கள்? நியூகாசில் திட்டம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நாற்பதை எட்டிய அப்பாவிடம் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவரும் மறுத்துப் பேசுவதில்லை. தலையை ஆட்டுவார், அடுத்த மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன் என்பார், அப்புறம் அந்த அடுத்த மாதம் வருவதே இல்லை. மனைவி சொன்னால் எரிச்சல், நண்பன் சொன்னால் சிரிப்பு, மருத்துவர் சொன்னால் பயம். அந்தப் பயம் இரண்டு வாரம் தாங்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஆண்களுக்கு அக்கறை கிடையாது என்று முடிவு கட்டுவது சுலபம். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிலிப் மோர்கன் தலைமையிலான குழு அந்த முடிவுக்குப் போகவில்லை. எதற்காகக் கூப்பிட்டால் அப்பாக்கள் வருவார்கள் என்று யோசித்தது. அப்படி உருவானதுதான் ‘ஹெல்தி டாட்ஸ், ஹெல்தி கிட்ஸ்’ என்ற திட்டம். அதன் முதல் சோதனை முடிவு 2011-இல் ஓர் ஆய்விதழில் வெளியானது. அதிலிருந்து கிளைத்த திட்டங்கள் இன்னும் நடக்கின்றன. ஓர் இடத்தில் அது எடுபடாமலும் போயிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

அப்பா ஆனபின் என்ன ஆகிறது

அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை விடலைப் பருவத்திலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவு ஒன்று இருக்கிறது. அதை வைத்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் கார்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழும் அப்பாக்களுக்கு, அப்பாவான பிறகு பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) சராசரியாக 2.6 விழுக்காடு கூடியிருந்தது. ஆறடி உயரமுள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 2 கிலோ. அதே உயரத்தில், பிள்ளை இல்லாத ஆணுக்கு அந்தக் காலத்தில் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல் குறைந்திருந்தது.

2 கிலோவெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். எடை என்று பார்த்தால் பெரிய விஷயம் இல்லைதான். அதற்குப் பின்னால் இருக்கும் அன்றாடம்தான் கவலை தருவது. தூக்கம் துண்டு துண்டாகிறது. மாலையில் போய்க்கொண்டிருந்த விளையாட்டு நின்றுபோகிறது. பிள்ளை தட்டில் வைத்த மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் அப்பா வாயில் போட்டுக்கொள்கிறார். பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது தூக்கம் எப்படியோ திரும்பி வந்துவிடுகிறது. விளையாட்டு திரும்பி வருவதில்லை.

சரி, இப்படிப்பட்ட அப்பாக்களுக்கென்று ஏதாவது திட்டம் இருந்ததா? பிள்ளைகளின் உடற்பருமனைக் குறைக்கவோ தடுக்கவோ பெற்றோரையும் சேர்த்து நடத்திய 213 சோதனைகளை மோர்கன் குழுவே பிற்பாடு தேடிப் பிடித்து அலசியது. 2017-இல் வெளிவந்த அந்த அலசலின்படி, தாய், தந்தை இருவரில் ஒருவர் மட்டும் பங்கேற்ற ஆய்வுகளில் அப்பாக்களின் பங்கு 6 விழுக்காடு. பெற்றோர் வரலாம் என்று அறிவித்தால் அம்மாக்கள் வருகிறார்கள். நடத்துபவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அம்மாக்கள் வந்தாலே அறை நிறைந்துவிடுகிறது.

அப்பாவைத் தவிர்த்துவிட்டுப் பிள்ளையின் எடையைப் பேசுவது எவ்வளவு அரைகுறை வேலை என்பதற்கு இன்னொரு தரவும் இருக்கிறது. 3,285 ஆஸ்திரேலியக் குடும்பங்களின் தரவை அலசி 2012-இல் வந்த ஆய்வு அது. அம்மா சரியான எடையில் இருந்து அப்பா மட்டும் அதிக எடையோடு இருந்த வீடுகளில், பிள்ளைக்கு உடற்பருமன் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. அப்பா சரியான எடையிலும் அம்மா அதிக எடையிலும் இருந்த வீடுகளில் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. இது தொடர்புதான், அப்பாவின் தொப்பைதான் காரணம் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அப்பா சும்மா ஓர் ஓரத்தில் இருக்கும் ஆள் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது.

திட்டம்

முதல் சோதனையில் 53 அப்பாக்களும், தொடக்கப்பள்ளி வயதில் இருந்த அவர்களுடைய 71 பிள்ளைகளும் சேர்ந்தார்கள். அப்பாக்களின் சராசரி வயது 40.6, சராசரி பிஎம்ஐ 33.2. ஒரு கணக்குக்கு 178 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் அது 105 கிலோ. இலேசான தொப்பை என்று சொல்லி ஒதுக்கக்கூடிய நிலை இல்லை இது. பிள்ளைகளின் சராசரி வயது 8.2.

குலுக்கல் முறையில் 27 அப்பாக்களுக்கு உடனே பயிற்சி தொடங்கியது. மீதி 26 பேர் காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள்தான் அளவுகோல். காத்திருந்தவர்களுக்கும் பிறகு பயிற்சி உண்டு என்பதால் யாரையும் ஏமாற்றி அனுப்பிய கதை இல்லை.

பயிற்சி மூன்று மாதம். அதில் எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் 75 நிமிடம். ஐந்து வகுப்புகளில் அப்பாக்கள் மட்டும் இருந்தார்கள். மூன்றில் பிள்ளைகளையும் அழைத்து வந்தார்கள். அவ்வளவுதான் மொத்தமும். கூட்டிப் பார்த்தால் பத்து மணி நேரம். தினமும் ஜிம்முக்கு வா என்று யாரும் சொல்லவில்லை, உணவுப் பட்டியல் கொடுத்து இதைத் தவிர வேறெதையும் தொடாதே என்றும் கட்டளை போடவில்லை.

அழைப்பு எந்த வழியாகப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிச் செய்திமடல்கள், பிள்ளையைக் கூட்டிப்போகப் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோரிடம் நேரில் பேசுவது, உள்ளூர் ஊடகம், துண்டறிக்கை. அதில் பள்ளி வாசல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருத்துவமனையில் நிற்கும் ஆண் நோயாளி. எப்போது வெளியே போவோம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளி வாசலில் நிற்கும் ஆண் அப்பா. அவரிடம் ‘உங்கள் எடை அதிகம்’ என்று தொடங்கினால் முகம் சுருங்கும். ‘உங்கள் பிள்ளை ஆரோக்கியமாக வளர நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது’ என்று தொடங்கினால் நின்று கேட்பார். எடை குறைவது இரண்டாவது வரியில் வந்தால் போதும்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல இருக்கிறதே, நேரடியாகச் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நேரடியாகச் சொல்லித்தான் இத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறோம்.

அப்பாக்கள் மட்டும் இருந்த வகுப்புகளில் பேசப்பட்டவை புதுமையானவை இல்லை. உடலுக்குள் போகும் ஆற்றலுக்கும் செலவாகும் ஆற்றலுக்கும் உள்ள கணக்கு, தட்டில் விழும் அளவு, சின்னச் சின்ன இலக்கு வைப்பது, செய்ததைக் குறித்து வைப்பது, அப்பாவின் நடவடிக்கை பிள்ளையை எப்படிப் பாதிக்கிறது என்பது. குழுவில் ஊட்டச்சத்துத் துறையின் கிளேர் காலின்ஸ் இருந்தார், உடற்கல்வித் துறையின் டேவிட் லூபன்ஸ் இருந்தார், தந்தைமை பற்றியே ஆராயும் ரிச்சர்ட் பிளெட்சர் இருந்தார். சொல்லப்பட்ட விதத்தில்தான் அக்கறை தெரிகிறது. ஆண்கள் தங்களுக்குள் கிண்டல் செய்துகொண்டே கேட்கக்கூடிய மொழி, நிறைய நகைச்சுவை, அறிவியல் விளக்கம் சுருக்கமாக, எதையும் அடியோடு நிறுத்து என்ற பேச்சே இல்லாமல்.

மனைவியும் பிள்ளையும் இல்லாத அறையில் ஓர் ஆண் தன் உடம்பைப் பற்றிப் பேசும் விதம் வேறு. வீட்டில் அவர் யாரோ ஒருவருக்கு முன்னால் தோற்றுப்போனவராகப் பேச வேண்டியிருக்கும். இங்கே பக்கத்து நாற்காலியிலும் அதே தொப்பை. ஐந்து வகுப்புகளைத் தனியாக ஒதுக்கியதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

பிள்ளைகள் வந்த மூன்று வகுப்புகள் முழுக்க விளையாட்டு. எறிவது, பிடிப்பது, உதைப்பது போன்ற அடிப்படைத் திறன்கள் ஒரு பக்கம்; இருவரும் சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி இன்னொரு பக்கம்; மூன்றாவதாக, புரண்டு உருண்டு மல்லுக்கட்டும் ஆட்டம். வகுப்பு இல்லாத நாட்களில் வீட்டில் சேர்ந்து செய்யவும் வேலைகள் இருந்தன. இங்கேதான் திட்டத்தின் சூட்சுமம். ஆல்பர்ட் பாண்டுரா முன்வைத்த சமூக அறிதல் கோட்பாடும், குடும்பத்தை ஒரே அமைப்பாகப் பார்க்கும் கோட்பாடும் இதற்கு அடித்தளம் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். நடைமுறையில் அதன் பொருள் எளிது. அப்பாவைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்ட பிள்ளை மறுநாள் பந்தை எடுத்துக்கொண்டு வந்து ‘வாங்கப்பா’ என்று கையைப் பிடித்து இழுக்கிறது. கைபேசி நினைவூட்டலை அணைத்துவிடலாம். எட்டு வயதுப் பிள்ளையை எப்படி அணைப்பது?

சாக்ஸ் பிடுங்கும் ஆட்டம்

பிளெட்சரும் அவருடன் பணியாற்றியவர்களும் அப்பா–பிள்ளை மல்லுக்கட்டைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்திய ஓர் ஆட்டம் சாக்ஸ் பிடுங்குவது. விதி ஒன்றே ஒன்று. இருவரும் சாக்ஸ் போட்டுக்கொண்டு தரையில் எதிரெதிரே உட்கார வேண்டும். மற்றவர் காலில் இருக்கும் சாக்ஸைக் கழற்ற வேண்டும், தன்னுடையதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இதைச் செய்து பார்க்காதவர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். ஒரு நிமிடம் ஆடினால் தெரிந்துவிடும். காலை மடக்கி இழுத்துக்கொள்ள வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும், ஒரு கையை ஊன்றி மறு கையால் எட்ட வேண்டும், உடனே உருண்டு எழ வேண்டும். வயிற்றுத் தசை, தொடை, தோள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பல ஆண்டுகளாக ஓடாத ஒருவருக்கு இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கும். அதை அவர் உடற்பயிற்சி என்று நினைப்பதே இல்லை, சிரித்துக்கொண்டிருப்பார். ‘இன்னொரு தடவை’ என்று பிள்ளை கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வராது.

இதில் அப்பா செய்ய வேண்டிய வேலை நுணுக்கமானது. எடையில் மூன்று நான்கு மடங்கு பெரியவர் அவர். முழுப் பலத்தையும் போட்டால் பிள்ளைக்கு அடிபடும். முழுதாக விட்டுக்கொடுத்தால் பிள்ளைக்குச் சலித்துவிடும், ஏமாற்றுகிறார் என்று கண்டுபிடித்துவிடும். சில நேரம் பிள்ளை ஜெயிக்க வேண்டும், அதுவும் பாடுபட்டு ஜெயிக்க வேண்டும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். ஆட்டத்தின் தரத்தை மதிப்பிடும்போது ஆய்வாளர்களும் இதைத்தான் பார்த்தார்கள்: இருவரும் ஒன்றியிருக்கிறார்களா, ஜெயிப்பதும் தோற்பதும் மாறி மாறி வருகிறதா, அப்பா தன் பலத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறாரா.

டிரெட்மில்லில் நிற்கும் அப்பா அரைமணி நேரம் வீட்டை விட்டுப் போனவர். தரையில் உருளும் அப்பா வீட்டில் இருப்பவர். ஏற்கெனவே பிள்ளைக்குக் கொடுக்க நேரம் இல்லையே என்ற குற்ற உணர்ச்சியோடு இருப்பவரிடம், அந்த நேரத்தையும் பிடுங்கி நடைப்பயிற்சிக்குக் கொடு என்றால் அவர் எப்படிச் சம்மதிப்பார்? நியூகாசில் குழு இரண்டு நேரத்தையும் ஒன்றாக்கியது. அப்பாக்கள் விட்டுவிட்டுப் போகாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எண்கள் சொல்வது

ஆறு மாத முடிவில், பயிற்சி பெற்ற அப்பாக்கள் சராசரியாக 7.6 கிலோ குறைந்திருந்தார்கள். காத்திருந்தவர்களிடம் மாற்றம் பூஜ்யம். இடுப்புச் சுற்றளவு, மேல் ரத்த அழுத்தம், ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு, உடல் இயக்கம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றவர்களே முன்னால் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் உடல் இயக்கம் கூடியது, ஓய்வு நாடித்துடிப்பு குறைந்தது, சாப்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது.

7.6 கிலோவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஆறு மாதத்துக்கு அது வாரத்துக்கு 300 கிராமுக்கும் கீழே. ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கைப் போட்டால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 320 கலோரிப் பற்றாக்குறை. உடம்பு இவ்வளவு நேர்கோட்டில் நடந்துகொள்ளாது. தொடக்கத்தில் நீரும் சேர்ந்து போகும், எடை குறையக் குறைய உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும். இருந்தாலும் அளவு புரிகிறது. தட்டில் கொஞ்சம் குறைத்து, பிள்ளையோடு அரைமணி நேரம் ஓடியாடினால் எட்டக்கூடிய எண் அது. பட்டினி கிடக்கவே தேவையில்லை. முன்பு சொன்ன 105 கிலோக்காரருக்கு 7.6 கிலோ என்றால் 7 விழுக்காட்டுக்கு மேல். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் நல்ல மாற்றம் தெரியும் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அடுத்தது பெரிய சோதனை. நியூகாசிலைச் சுற்றியுள்ள ஹன்டர் வட்டாரத்தில் 93 அப்பாக்கள், 132 பிள்ளைகள். இந்தத் தடவை வகுப்புகளை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற வழிநடத்துநர்கள், வகுப்புகள் ஏழு. 2014-இல் வெளிவந்த முடிவின்படி, 14 வாரத்தில் பயிற்சி பெற்ற அப்பாக்கள் சராசரியாக 3.3 கிலோ குறைந்தார்கள். மற்றவர்களிடம் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம்.

7.6 எங்கே, 3.3 எங்கே என்று கேட்கத் தோன்றும். ஒன்று ஆறு மாதக் கணக்கு, மற்றது 14 வாரக் கணக்கு. அதோடு, பல்கலைக்கழகத்தில் நடக்கும் சின்னச் சோதனையில் இருக்கும் கவனிப்பு, ஊருக்குள் பலர் கையில் போகும்போது அதே அளவில் இருக்காது. ஆரோக்கியத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பல்லிளிக்கும். இது குறைந்தது, ஆனால் காணாமல் போகவில்லை. எனக்கு 7.6-ஐ விட இந்த 3.3-தான் நம்பிக்கை தருகிறது.

எடுபடாத இடம்

குறைகளையும் பார்க்க வேண்டும். 53 பேர், 93 பேர் என்பவை சின்ன எண்ணிக்கைகள். சேர்ந்தவர்கள் எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள். இப்படிப்பட்ட அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கும் அப்பாவுக்கு ஏற்கெனவே பாதி மனம் இருக்கிறது. மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று இந்தச் சோதனைகள் சொல்லாது.

அந்தக் கேள்விக்கான பதில் கொஞ்சம் இங்கிலாந்தில் கிடைத்தது. பல இனத்தவர் வாழும், வசதி குறைந்த பகுதிகளில் இதே திட்டத்தை உள்ளூருக்கு ஏற்ப மாற்றி நடத்த முடியுமா என்று ஒரு முன்னோட்டச் சோதனை நடந்தது. திட்டமிட்டதில் பாதிக்கும் குறைவாக, 43 ஆண்கள்தான் சேர்ந்தார்கள். வந்தவர்களுக்கு வகுப்பு பிடித்திருந்தது. ஆனால் ஆள் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டதால், இதே வடிவில் பெரிய சோதனைக்குப் போக வேண்டாம் என்று முடிவானது.

இந்த முடிவு நியூகாசில் முடிவைப் பொய்யாக்குகிறது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை நேரம் வாரா வாரம் மாறும் அப்பாவுக்கு, குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட மணிக்கு வகுப்பு என்றாலே கதவு மூடிவிட்டது. இரண்டு வேலை பார்ப்பவருக்கும் அப்படித்தான். பிள்ளையோடு வாழாமல், வார இறுதியில் மட்டும் பார்க்கும் அப்பா இருக்கிறார். அவருக்குக் கிடைக்கும் இரண்டு நாளில் ஒன்றை ஒரு கூடத்தில் போய் உட்கார்ந்து செலவழிக்கச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான். உள்ளடக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வந்து சேர வழியில்லாதவருக்கு அதனால் பயனில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஸ்பானிய மொழிக் குடும்பங்களுக்காக இதைத் தழுவி ‘பாபாஸ் சலுதாப்லெஸ், நினோஸ் சலுதாப்லெஸ்’ என்ற பெயரில் நடத்தியவர்கள், மொழியை மட்டும் மாற்றாமல் குடும்ப வழக்கத்துக்கு ஏற்பவும் மாற்றினார்கள். அந்த வேலை ஒவ்வோர் இடத்திலும் புதிதாகச் செய்ய வேண்டியது.

இதே சூட்சுமம், வேறு வாசல்

ஸ்காட்லாந்தில் நடந்த ‘ஃபுட்பால் ஃபேன்ஸ் இன் டிரெய்னிங்’ திட்டத்தை இதோடு வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அது அப்பாக்களுக்கென்று நடந்தது இல்லை. 35 முதல் 65 வயதுள்ள, பிஎம்ஐ 28-க்குக் குறையாத ஆண்களுக்கு. 13 தொழில்முறைக் கால்பந்துக் கிளப்புகளில், வாரம் ஒன்று வீதம் 12 வகுப்புகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் மைதானத்தில் பயிற்சி. நடத்தியவர்கள் கிளப்பின் பயிற்சியாளர்கள்.

747 ஆண்கள் சேர்ந்த அந்தச் சோதனையின் முடிவு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 5.56 கிலோ குறைந்திருந்தார்கள், மற்றவர்கள் 0.58 கிலோ. மூன்றரை ஆண்டு கழித்து மறுபடி எடை பார்த்தபோதும் பயிற்சி பெற்றவர்கள் தொடக்க எடையைவிட 2.9 கிலோ கீழேயே இருந்தார்கள். எடை குறைப்புத் திட்டம் எதிலும் மூன்றரை ஆண்டு கழித்து இப்படி ஓர் எண்ணைக் காட்டுவது சுலபமில்லை.

சிறுவயதிலிருந்து நேசித்த கிளப்பின் மைதானத்துக்குள் கால் வைக்கலாம் என்பதற்காக அந்த ஆண்கள் போனார்கள். ஆரோக்கியம் உள்ளே கிடைத்தது. நியூகாசிலில் அந்த இடத்தில் பிள்ளை இருந்தது. கால்பந்துக் கிளப்பின் மீது ஒட்டுதல் இல்லாத ஆண் எத்தனையோ பேர் உண்டு. பிள்ளையின் மீது ஒட்டுதல் இல்லாத அப்பாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாசலின் அகலத்தைப் பார்த்தால் நியூகாசில் குழுவின் தேர்வே மேல்.

அவர்களே பின்னாளில் ‘டாடீ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அப்பாவும் மகளும் மட்டும் சேர்ந்து வருவது அது. வளர வளரப் பெண் பிள்ளைகள் விளையாட்டைவிட்டு விலகுவதையும், பந்து எறியவும் உதைக்கவும் மகனுக்குச் சொல்லித்தரும் அப்பா மகளுக்குச் சொல்லித்தர மறந்துவிடுவதையும் நேராகக் கையிலெடுத்தது. 115 அப்பாக்களும் 153 மகள்களும் பங்கேற்ற சோதனையில், மகள்கள், அப்பாக்கள் இருவரின் உடல் இயக்கமும் கூடியது. மகளுக்காக என்று வந்த அப்பா இங்கேயும் தானும் சேர்ந்தே நடந்தார்.

வேறோர் இடத்தில் செய்து பார்ப்பவர்களுக்கு

ஒரு பள்ளியோ, குடியிருப்புச் சங்கமோ, அலுவலகமோ இதைப் பார்த்து ஏதாவது செய்ய நினைத்தால், எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

அழைப்பில் பிள்ளையின் பெயர் முதலில் வரட்டும். அம்மா மூலமாகச் சொல்லி அனுப்புவதைவிட அப்பாவிடமே பேசுவது நல்லது. அம்மா தலையில் இன்னொரு நினைவூட்டல் வேலையைக் கட்ட வேண்டாம். அப்பாக்கள் மட்டும் பேசும் நேரம் ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும். நேரம் குறைவாக இருக்கிறதே என்று பலர் முதலில் வெட்டுவது இதைத்தான், பிள்ளைகளோடு ஓடியாடும் பகுதி பார்க்க அழகாக இருப்பதால். அப்படி வெட்டினால் மிஞ்சுவது ஒரு விளையாட்டு விழா.

முதல் நாளே எல்லோரையும் ஓடவிடக் கூடாது. நெஞ்சுவலி, மயக்கம், கட்டுப்படாத ரத்த அழுத்தம், மூட்டு வலி இருப்பவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கமும், இரண்டு நாளாவது தசைக்கு வலுத்தரும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பிள்ளையின் 60 நிமிடத்தில் பாதியில் அப்பாவும் சேர்ந்துகொண்டால், வாரத்தில் ஐந்து நாளிலேயே அவருடைய 150 நிமிடம் முடிந்துவிடும். இந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே பலகையில் எழுதிக் காட்டலாம்.

எடைக் கருவியோடு ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். சில வாரம் எடை அசையாமல் நிற்கும்போது இடுப்பு குறைந்திருக்கும். அதைக் காட்டாவிட்டால் ஆள் சோர்ந்து போவார். ஆண்களுக்கு இடுப்பு 94 செ.மீ. தாண்டினால் ஆபத்து கூடுகிறது, 102 தாண்டினால் வெகுவாகக் கூடுகிறது என்பது ஆஸ்திரேலியாவில் பயன்படுத்தும் அளவு. எல்லா இனத்தவருக்கும் ஒரே அளவு பொருந்தாது. தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ. என்றே பல வழிகாட்டுதல்கள் வைத்திருக்கின்றன. பிள்ளைகளின் முன்னால் யாருடைய எடையையும் சொல்லக் கூடாது, பிள்ளைகளை எடை பார்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விளையாட வந்த பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றிய வெட்கத்தைக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

பிறகு, முடிவை எப்போது அளப்பது. மூன்று மாதத்தில் அளந்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக் கொண்டாடுவது எல்லோரும் செய்வது. அப்போது எல்லோருமே நன்றாகத்தான் இருப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் வகுப்பு முடிந்தபிறகும் அவ்வப்போது மின்னஞ்சல் அனுப்பினார்கள், சில மாதம் கழித்து எல்லோரையும் ஒரு தடவை மறுபடி கூட்டினார்கள். செலவு அதிகமில்லாத வேலை. வகுப்புக்கு நாள் குறிக்கும்போதே அந்த மறுகூட்டத்துக்கும் நாள் குறித்துவிட்டால், ஒன்பதாவது மாதத்தில் பழைய எடைக்குத் திரும்பியவர்கூட வருவார். அவர் வந்தால்தான் அடுத்த தடவை எதை மாற்றுவது என்று தெரியும்.